காமன் பொட்டலில் வைத்த சிலை

வெள்ளிமலைத் தேயிலைத் தோட்டத்துக் கீழ்க்கணக்குப் பிரிவில், தொழிலாளர்கள் வரிசை வரிசையாகக் குடியிருந்த லயங்களில் ஒரு கடிதத்துக்குப் பூசை நடந்துவந்தது. முப்பது வருடத்துக்கு முன்னால் கப்பலேறிப் போன ஒரு வெள்ளைக்காரத் துரை, போகிற போக்கில் இங்கிலீசில் டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடிதம் அது. மாரியம்மன் கோயில் தகரப்பெட்டிக்குள் உடுக்கைக்கும் சலங்கைக்கும் நடுவில் இருக்கும். மாசியில் காமன் கூத்துக்குக் கம்பம் நடுகிற அன்றைக்கு வெளியே எடுத்து, மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, சூடம் காட்டி, மறுபடி பெட்டியில் வைத்துப் பூட்டுவார்கள். யாரும் அதைப் படித்ததில்லை. இங்கிலீசு தெரிந்தவர் லயத்தில் இல்லை என்பது ஒரு காரணம். படிக்க அதில் என்ன இருக்கிறது என்பது இன்னொரு காரணம். "பொட்டல் ஒங்களுக்குத்தான், ஒருத்தனும் கேக்க முடியாது" என்று துரை சொன்னதைத் தம் காதால் கேட்ட இரண்டு பேர் இன்னும் உயிரோடு இருந்தார்கள். அதுபோதும் என்று சாமி கும்பிட்டார்கள்.

காமன் பொட்டல் என்பது கொட்டகலைக்குப் போகிற ரோட்டை ஒட்டிக் கிடந்த அரை ஏக்கர் சமதரை. சரிவிலேயே பிறந்து சரிவிலேயே கொழுந்து பறிக்கிறவர்களுக்குத்தான் சமதரையின் அருமை தெரியும். தேயிலை வேர்பிடிக்காத கல்லுத் தரை என்று துரைமார் அதை விட்டுவைத்திருந்தார்கள். மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் அங்கே கம்பம் நடுவார்கள். பௌர்ணமி வரைக்கும் மன்மதன் கதை நடக்கும். சிவனுடைய தவத்தைக் கலைக்கப் போய் மன்மதன் எரிந்து சாம்பலாவான். அவன் பெண்டாட்டி ரதி மண்ணில் புரண்டு அழுவாள். அந்த வருடம் லயத்தில் செத்தவர்களுக்கெல்லாம் சேர்த்து ஜனங்கள் அப்போதுதான் அழுது தீர்ப்பார்கள்.

ரதி வேடம் கட்டுகிறவன் முத்துலிங்கம். தோட்டத்து மேசன், கொத்து வேலைக்காரன். சுண்ணாம்பு தின்ற கையும் கல் தூக்கின தோளுமாக இருக்கிறவனுக்கு ரதி வேடமா என்று பார்க்காதவர்கள் சிரிப்பார்கள். பார்த்தவர்கள் சிரித்ததில்லை. மாசி பிறந்தால் மீசையை எடுத்துவிடுவான். "வீட்டுல ரெண்டு பொம்பளையாச்சு, சோத்த யாரு ஆக்குறது?" என்று அவன் பெண்டாட்டி நாகலெட்சுமி கேலி பண்ணுவாள். சேலை கட்டிப் பொட்டலில் இறங்கிவிட்டால் அவளே அவனை மறந்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைப்பாள்.

ஆறு மாசிக்கு அவனுக்கு மதனாக, அதாவது மன்மதனாக, நின்றவன் தம்பையா. ஒரே சுவருக்கு அந்தப் பக்கத்து அறையில், பக்கத்துக் காம்பராவில் பிறந்தவன். ஆறு வருடம் தம்பையா எரிந்தான், முத்துலிங்கம் அழுதான். கூத்து முடிந்த பிறகும் ஒருவனை ஒருவன் "மதனா", "ரதி" என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். தம்பையாவுக்குப் படிக்கிற தலை இருந்தது. ஹட்டனுக்கு நடந்துபோய்ப் படித்து, நாலு இங்கிலீசு வார்த்தை கற்று, கட்டடக் கொந்தராத்துக்காரரிடம் வேலையை மேற்பார்க்கிற ஓவசியர் ஆனான். லயத்திலிருந்து கால்சட்டை போட்டுக்கொண்டு வெளியே போன முதல் ஆள். முத்துலிங்கத்துக்கு அதில் பொறாமை துளியும் இல்லை. தானே ஓவசியர் ஆனதுபோல ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். இப்படி ஒரு ஏமாளி இருந்தால் ஏமாற்றுகிறவனைத் தேடியா பிடிக்க வேண்டும்?

ஐம்பத்து நாலாம் வருடக் கடைசியில் கம்பெனி ரோட்டோரத்து முப்பது ஏக்கரைத் துண்டுபோட்டு விற்றது. பொட்டலும் அதற்குள் போயிற்று. வாங்கியவர் ஹட்டன் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த சுந்தரலிங்கம் முதலாளி. ரோட்டுப் பக்கமாக எட்டு வீடு கட்டி ரயில்வே உத்தியோகத்தர், கிளாக்கர், வாத்தியார்மாருக்கு விற்பது அவர் யோசனை. அந்த வேலைக்கு ஓவசியராக வந்தவன் தம்பையா.

லயத்தில் ஒரே கொந்தளிப்பு. வீடு கட்டக் கல் இறக்கும் லொறி லயத்து ரோட்டில்தான் வர வேண்டும். "லொறிக்கு முன்னால படுத்துருவோம்" என்றார் தோட்டத்துச் சங்கத் தலைவர் சிவசாமி. அவர் சொன்னால் நூற்றிருபது பேர் படுப்பார்கள். அது முதலாளிக்கும் தெரியும். அப்போதுதான் தம்பையா முத்துலிங்கத்தைத் தேடி வந்தான்.

"ரதி, பொட்டல அழிக்கப் போறதில்ல. எட்டு வீட்டுக்கும் நடுவுல வட்டமா விட்டுரப் போறோம். அதுல ஒரு செல வைப்போம். ரதியும் மதனும். கோபுரத்துக்கு பொம்ம செய்யிற ஆளக் கொண்டாந்து, சிமெந்துல, ஆள் ஒசரத்துக்கு. ரோட்டுல போறவன் பஸ்ஸ நிப்பாட்டிப் பாப்பான். வருசா வருசம் கொளுத்துறோமே, கொளுத்த முடியாத மதன் ஒருத்தன் இருக்கட்டுமே."

முத்துலிங்கம் அந்த ஒரு வார்த்தையில் விழுந்தான். தான் மேசன். தன் கையால் சுவர் கட்டியிருக்கிறான், கழிவறை கட்டியிருக்கிறான், துரை பங்களாவுக்கு நாய்க்கூடு கட்டியிருக்கிறான். சும்மா நின்று பார்ப்பதற்கென்றே ஒன்று தன் ஜனங்களுக்கு இதுவரை யாரும் கட்டவில்லை என்பது அன்றைக்குத்தான் அவன் நெஞ்சில் தைத்தது.

அடுத்த ஞாயிறு ஹட்டனில் முதலாளியின் கடைப் பின்னறையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். மேசையில் வீட்டு வரைபடம் விரித்திருந்தது. சுருண்டுவிடாமல் ஒரு பக்கம் துணி அளக்கும் இரும்புக் கோல், மறுபக்கம் தேத்தண்ணிக் கோப்பை. முதலாளி நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"வீடு யாரும் கட்டலாம் முத்துலிங்கம். நடுவுல ஒரு செல நின்னாத்தான் அது ஊரு. வாங்க வர்றவன் மொதல்ல செலயப் பாப்பான், அப்பறந்தான் வீட்டுக் கூரயப் பாப்பான். ஒங்களுக்கும் பெரும, எனக்கும் பெரும. எப்பிடி வைக்கணும், நீயே சொல்லு."

நீயே சொல்லு என்று ஒரு முதலாளி முத்துலிங்கத்தைப் பார்த்துச் சொன்னது அதுதான் முதல்தடவை. அவன் எழுந்து நின்றுகொண்டே சொன்னான்.

"செல லயத்தப் பாத்து இருக்கணுங்க. ரோட்டப் பாத்து வேணாம். சுத்தி நாப்பது அடி வட்டம் விடணும், எங்காளுக ஆடுற அளவு. வேலி கீலி கூடாது. அப்பறம் செலக்கி முன்னால கம்பம் நடுறதுக்கு சிமெந்து பூசின குழி ஒண்ணு வேணும். மூடி போட்டு வச்சுக்கலாம், மாசிக்கி மாசி தெறந்துக்கிறோம்."

"எழுதிக்க தம்பையா, எழுதிக்க" என்றார் முதலாளி.

தம்பையா வரைபடத்தின் ஓரத்தில் நாலையும் எழுதினான். பென்சிலால் எழுதினான். அதையெல்லாம் அன்றைக்கு யார் கவனித்தார்கள்?

லயத்தில் சொன்னபோது பாதிப் பேர் சந்தோசப்பட்டார்கள். சிவசாமி மட்டும் தலையை ஆட்டவில்லை. "கைமாறின நெலம். மொதல்ல தொர கடுதாசியில என்ன இருக்குன்னு படிச்சுக் காட்டுங்க. அதுக்கப்பறம் செல பேசலாம்" என்றார். நியாயமான பேச்சு. படிக்க ஆள்? அதுதான் நம்ம தம்பையா இருக்கிறானே என்றான் முத்துலிங்கம்.

ஞாயிற்றுக்கிழமை நண்பகல் கோயில் வாசலில் ஜனம் கூடிற்று. தம்பையா சப்பாத்தைக் கழற்றினான், கை கால் கழுவினான், திருநீறு பூசிக்கொண்டான். முப்பது வருடத்து மஞ்சளிலும் குங்குமத்திலும் கடிதம் பலகாரம் கட்டின தாள் மாதிரி ஆகியிருந்தது. நடுவில் ஒரு வரியின்மேல் குங்குமம் கட்டி தட்டிப்போய்க் கிடந்தது. ஆனால் எழுத்துத் தெரிந்தது. தம்பையா வலதுகை ஆள்காட்டி விரலை வரிக்கு வரி ஓட்டி, இங்கிலீசில் முணுமுணுத்து, தமிழில் உரக்கச் சொன்னான்.

"ரோட்டோரத்து இந்த நெலத்த கீழ்க்கணக்குத் தொழிலாளருங்க அவங்க காமன் பண்டிகைக்காகப் பாவிச்சுக்கலாம். எனக்கு அப்பறம் வாறவங்களும், நெலத்த வாங்குறவங்களும் இதுக்குக் கட்டுப்பட்டவங்க." இங்கே அவன் விரல் குங்குமத்தைத் தாண்டி அடுத்த வரிக்குப் போயிற்று. "மாடு கண்ணு தேயிலைக்குள்ள போகாமப் பாத்துக்கணும். இப்பிடிக்கு, தொர."

விரல் தாண்டியதை முத்துலிங்கம் பார்த்தான். பக்கத்தில்தான் நின்றான். கால்சட்டை போட்டாலும் தம்பையாவுக்குச் சாமி பயம் போகவில்லை, குங்குமத்தின்மேல் விரல் படக் கூடாதென்று தாண்டுகிறான் என்று நினைத்துக்கொண்டான். நினைத்ததோடு நில்லாமல் நாகலெட்சுமியிடம் சொல்லி மெச்சவும் செய்தான்.

"வாங்குனவனும் கட்டுப்பட்டவன்னு எழுதியிருக்குல்ல, அப்பறம் என்ன?" என்று ஜனங்கள் தெம்பாகக் கலைந்தார்கள். லொறி வந்தது. ஒருவரும் படுக்கவில்லை.

தை முடிகிற நேரத்தில் தம்பையா இன்னொரு சேதி கொண்டுவந்தான். சிலைக்கு அடித்தளக் கான்கிரீட் போடப் போகிறார்கள். அது காய்கிற வரைக்கும் பக்கத்தில் நூறு பேர் குதித்து ஆடினால் விரிசல் விழும். இந்த ஒரு மாசிக்கு மட்டும் கம்பத்தைக் கீழே லயத்து ஜனங்கள் தண்ணீர் பிடிக்கிற பீலிக்குப் பக்கத்தில் நட்டுக்கொள்ள முடியுமா?

சிவசாமி முத்துலிங்கத்தின் முகத்தைப் பார்த்தார். "நீ மேசன். நீ சொல்லு."

"நெசந்தாங்க. கான்கிரீட்டு இருவத்தியோரு நாளு நனைஞ்சு கெடக்கணும். அதிரக் கூடாது" என்றான் முத்துலிங்கம். அது உண்மை. வேலை தெரிந்தவன் சொன்ன உண்மை. அதற்கு மேலும் ஒரு படி போய், "அடுத்த மாசி கம்பம் பொட்டல்ல நிக்கும், அதுக்கு நான் பொறுப்பு" என்று மாரியம்மன் வாசலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தான். அவனிடம் யாரும் அந்தச் சத்தியத்தைக் கேட்கவில்லை.

ஐம்பத்தைந்தாம் வருட மாசிக் கம்பம் பீலிக்கரையில் நின்றது. இடம் பற்றாமல் ஜனங்கள் தேயிலைக்குள் நின்று பார்த்தார்கள். முத்துலிங்கம் அழுதான், ஆனால் புது மதன் காலை மிதித்துவிட்டதில் பாதி அழுகை சிரிப்பாகப் போயிற்று.

அந்த வருடம் முழுக்க, தோட்டத்து வேலை முடிந்த நேரமெல்லாம் அவன் வீடு கட்டுகிற இடத்தில்தான் கிடந்தான். சிலை செய்ய மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து இராமையா என்கிறவர் வந்திருந்தார். கோயில் கோபுரங்களுக்குச் சுதை பொம்மை செய்கிறவர். "ரதி எப்பிடி இருப்பா? எனக்குக் கலண்டர் ரதிதான் தெரியும். ஒங்க ரதி எங்க?" என்று கேட்டார். ஜனங்கள் முத்துலிங்கத்தைக் கைகாட்டினார்கள். மூன்று ஞாயிறு சேலை கட்டி, பொட்டு வைத்து, சிமெந்து மூட்டையின்மேல் அழுத முகமாக உட்கார்ந்திருந்தான். பஸ்ஸில் போனவர்கள் விசிலடித்தார்கள். மதனுக்கு உட்காரச் சொல்லித் தம்பையாவைக் கூப்பிட்டார் இராமையா. "ஐயோ, எனக்கு வேணாங்க" என்று தம்பையா நழுவிவிட்டான். வெட்கப்படுகிறான் என்று முத்துலிங்கம் சிரித்தான். மதனுக்குக் கலண்டர் முகமே அமைந்தது.

ரோட்டிலிருந்து வட்டத்துக்கு நுழைகிற இடத்தில் இரண்டு கல் தூண் கட்ட வேண்டியிருந்தது. அதையும் முத்துலிங்கமே கட்டினான். தூணுக்கு மூன்று மூன்று இரும்புக் கொக்கி வைத்துப் பூசச் சொன்னான் தம்பையா.

"கொக்கி எதுக்கு மதனா?"

"தோரணம் கட்டத்தான். மாசிக்கு."

ஒவ்வொரு கொக்கியும் யானை இழுத்தாலும் வராத மாதிரி முத்துலிங்கம் பூசிக் கொடுத்தான். தோரணத்துக்கு இவ்வளவு கனத்த கொக்கி எதற்கு என்று நாகலெட்சுமி கேட்டாள். "ஒனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்று அவளைக் கடிந்துகொண்டான்.

மார்கழியில் அவனைப் பத்து மைல் தள்ளி மேற்கணக்குத் தொழிற்சாலை வேலைக்குத் தோட்ட நிர்வாகம் அனுப்பிவிட்டது. அவன் அங்கே தங்கியிருந்த ஒன்றரை மாதத்தில் சிலை நின்றது, வீடுகளுக்கு ஆள் வந்தது, சாம்பல் துணி போட்டு மூடியிருந்த சிலையை முதலாளி மேளம் வைத்துத் திறந்துவைத்தார். லயத்திலிருந்து ஒருவரையும் அழைக்கவில்லை. பெரிய மனுசர் விசேசம், நம்மை எதற்கு அழைப்பார்கள் என்று லயமும் விட்டுவிட்டது.

ஐம்பத்தாறு மாசி. அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் காலையில் தப்பு மேளம் அடித்துக்கொண்டு கம்பத்தைத் தோளில் சுமந்து ஜனங்கள் பொட்டலுக்கு வந்தார்கள். முன்னால் முத்துலிங்கம், மீசை எடுத்த முகத்தோடு. அவன் கட்டின இரண்டு தூணுக்கும் நடுவே, அவன் பூசின ஆறு கொக்கியிலும் இரண்டு இரும்புக் கதவு தொங்கிற்று. பூட்டியிருந்தது.

உள்ளே சிலை தெரிந்தது. ரோட்டைப் பார்த்து, லயத்துக்கு முதுகு காட்டி நின்றது. சிலைக்கு முன்னால் கம்பக்குழி இருந்தது. அதில் குரோட்டன் செடி நட்டிருந்தார்கள்.

காவல்காரன் கதவைத் திறக்கவில்லை. "மொதலாளியோட வக்கீல் ஐயா சொல்லியிருக்காரு. கடுதாசியப் படிச்சுப் பாருங்கன்னு சொல்லச் சொன்னாரு" என்றான். சத்தம் கேட்டு மூன்றாம் வீட்டிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். பரிமளம் டீச்சர், ஹட்டனில் இங்கிலீசு படிப்பிக்கிறவள், குடிவந்து ஒரு மாதம்கூட ஆகாதவள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. சிவசாமி தகரப்பெட்டியைத் திறந்து கடிதத்தைக் கம்பி இடுக்கு வழியாக நீட்டினார். அவள் வாங்கிப் பார்த்தாள், குங்குமக் கட்டியை நகத்தால் சுரண்டினாள், ஒரு வரி விடாமல் படித்தாள்.

"வருசா வருசம் இந்த நெலத்துல கம்பம் நடுற வரைக்குந்தான் இந்த உரிம. எந்த ஒரு வருசம் நடாம விட்டாலும் நெலம் சொந்தக்காரருக்கே திரும்பிப் போயிரும்." அவள் நிமிர்ந்து எல்லார் முகத்தையும் பார்த்தாள். "போன வருசம் நட்டீங்கதானே?"

தப்புச் சத்தம் நின்றுவிட்டது. முத்துலிங்கத்துக்கு அந்த விரல் ஞாபகம் வந்தது. கழுவின விரல், திருநீறு பூசின விரல், குங்குமத்தைத் தாண்டின விரல். ஆறு வருடம் யாருக்காக மண்ணில் விழுந்து அழுதானோ அவன்தான் செய்திருக்கிறான்.

"அவன் தாண்டுனத நான் பாத்தேன்" என்று அவன் வாய்விட்டுச் சொன்னான். சொல்லியிருக்கக் கூடாது.

"பாத்தியா?" என்றார் சிவசாமி மெதுவாக. "பாத்துட்டா சும்மா இருந்த?"

"குங்குமத்துக்காகத் தாண்டுறான்னு நெனச்சேங்க. சத்தியமா."

"சத்தியம்" என்றார் சிவசாமி. "நீ ஏற்கெனவே ஒண்ணு பண்ணியிருக்க தம்பி." பிறகு கைநீட்டிக் கதவுக்கு அப்பால் சிலையைக் காட்டினார். "அங்க யாரு மூஞ்சி நிக்குது? தம்பையா மூஞ்சியா? எங்க மூஞ்சியா? ஒன் மூஞ்சி. பொட்டலக் குடுத்து ஒன் மூஞ்சிய வாங்கிட்ட. கான்கிரீட்டுக்கு இருவத்தியோரு நாளுன்னு சொன்னவன் நீ. தூணுல கொக்கி வச்சவன் நீ. இனி என்னத்தச் சொல்ற?"

அவன் என்னத்தைச் சொல்வான்? எல்லாம் உண்மை. ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அவன் கை செய்தது.

கம்பத்தை மறுபடி பீலிக்கரைக்கே தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே சிவசாமி எல்லார் முன்னிலையிலும் ரதி சேலையை எடுத்து அழகன் கையில் கொடுத்தார். கொழுந்து மடுவத்தில் கூடை நிறுக்கிற இளந்தாரி அழகன் வாங்கத் தயங்கினான். "வாங்குடா" என்றார். வாங்கிக்கொண்டான். முத்துலிங்கம் மீசை இல்லாத முகத்தைத் தடவிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். நாகலெட்சுமி கேலி பண்ணவில்லை. அன்றைக்கு அவள் கேலி பண்ணியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் யாரும் அவனோடு பேசவில்லை. கொட்டகலை பஸ் சிலையைத் தாண்டும்போதெல்லாம் உள்ளே இருக்கிற லயத்து ஜனங்கள் சிலையைப் பார்ப்பார்கள், பிறகு திரும்பி அவனைப் பார்ப்பார்கள். சிலை அழுதது. அவனுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் மட்டும் நெஞ்சுக்குள் கல்லாக உட்கார்ந்திருந்தது.

பௌர்ணமிக்கு இரண்டு நாள் இருந்தது. மத்தியானம் கையிலிருந்த வேலை முடிந்ததும் முத்துலிங்கம் சுத்தியலையும் உளியையும் சாக்கில் சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினான். அந்த முகத்தை உடைத்துவிடுவதென்று கிளம்பினான். மூக்கும் கண்ணும் போய்விட்டால் அது யாரோ ஆகிவிடும், தான் மட்டும் தன் உடம்பில் மிச்சம் இருப்போம் என்பது அவன் கணக்கு.

காவல்காரன் உள்ளே கேட்டு வந்து கதவைத் திறந்தான். முதலாம் இலக்க வீட்டு வாசலில் தம்பையா நின்றான். வெள்ளைச் சுவர், சிவப்புச் சிமெந்துத் தரை, ஜன்னலுக்குக் கண்ணாடி. அவனுடைய வீடு. எதற்காக விரல் தாண்டிற்று என்று முத்துலிங்கம் கேட்க வேண்டியதே இல்லாமல் போயிற்று.

"வா ரதி" என்றான் தம்பையா. "தேத்தண்ணி குடிக்கிறியா?"

"வேணாம்."

"ஒன்ன ஏமாத்தணும்னு நெனச்சுச் செய்யல மச்சான். முதலாளி சொன்னாரு, பொட்டல் தொல்லையில்லாமக் கைக்கு வந்தா ஒரு வீடு எனக்குன்னு. பத்தடிக் காம்பராவுல ஏழு பேரு படுத்தோம், ஒனக்குத் தெரியும். வேற எந்த வழியில நான் வெளிய வர்றது? செல வைக்கச் சொல்லி அவரோட மல்லுக்கட்டினதும் நாந்தான். அது பொய்யில்ல. ஒன் மொகம் நூறு வருசம் நிக்கும்."

"நெனக்காமயா தாண்டுன?" என்றான் முத்துலிங்கம்.

தம்பையா படியிறங்கினான். இருவரும் நடந்து சிலைக்கு முன்னால் வந்தார்கள். இவ்வளவு பக்கத்தில் முத்துலிங்கம் அதை இப்போதுதான் பார்த்தான். இராமையா நல்ல வேலைக்காரர், குறை சொல்ல முடியாது. மண்ணில் ஒரு கையை ஊன்றி, பாதி எழுந்து, பாதி விழுந்து ரதி அழுதாள். அந்த முகத்தில் பொய் இல்லை. சாக்குக்குள் போன கை அங்கேயே நின்றது. அடிவாரத்தில் ஒரு சலவைக்கல் பதித்திருந்தார்கள். அதில் இங்கிலீசு எழுத்து.

"இது என்ன எழுதியிருக்கு? படி" என்றான்.

தம்பையா குனிந்தான். பழக்க தோசம், ஆள்காட்டி விரல் தானாகக் கல்லில் ஏறிற்று. "இந்தச் செலய, தம்முட தகப்பனார் ஞாபகார்த்தமா, சுந்தரலிங்கம் முதலாளி பொதுமக்களுக்கு அமச்சுக் குடுத்தாரு." விரல் தாண்டிற்று. "ஆயிரத்துத் தொளாயிரத்து அம்பத்தாறு, தை மாசம்."

முத்துலிங்கம் அந்த விரலைப் பிடித்தான். சுண்ணாம்பு தின்ற கையால், எலும்பு நோகப் பிடித்தான். பிடித்து, மெதுவாக மேலே இழுத்து, விட்டுப்போன வரியின்மேல் வைத்தான்.

"இங்க குங்குமம் இல்ல மதனா. இதப் படி."

கீழே பீலிக்கரையில் தப்பு கேட்டது. அழகன் ரதி ஆட்டம் பழகிக்கொண்டிருந்தான். தம்பையா குனிந்தபடியே படித்தான்.

"வெள்ளிமலைத் தோட்டத் தொழிலாளர் சார்பா, முத்துலிங்கம் மனசாரச் சம்மதிச்சு விட்டுக்குடுத்த நெலத்துல." விரலை இழுத்துக்கொண்டான். "வக்கீல் எழுதச் சொன்னாரு. பின்னால வழக்கு வரக் கூடாதுன்னு."

கல்லில் வெட்டியிருந்தார்கள். எழுதத் தெரியாதவன் பேரை, அவன் படிக்க முடியாத எழுத்தில், அவன் கொடுக்காததைக் கொடுத்ததாக. தன் முகத்தை உடைக்க வந்தவனுக்கு அப்போது ஒன்று விளங்கிற்று. முகம் அவனுடையது, அது அழுகிறது, அழட்டும். பொய் இங்கே கீழே இருந்தது.

சாக்கை விரித்து மண்டியிட்டான். உளியை அந்த வரியின் முதல் எழுத்தில் வைத்து அடித்தான். சத்தம் எட்டு வீட்டுக்கும் கேட்டது. காவல்காரன் ஓடி வந்தான், டீச்சர் வாசலுக்கு வந்தாள். தம்பையா கையை உயர்த்திக் காவல்காரனை நிறுத்தினான். அதை மட்டும் செய்தான். முத்துலிங்கம் அவசரப்படவில்லை. மேலே உள்ள வரியும் கீழே உள்ள வரியும் சிதையாமல், வேலை தெரிந்தவன் கையோடு, ஒவ்வொரு எழுத்தாகக் கொத்தி எடுத்தான். கடைசியில் விரலால் தடவிப் பார்த்தான். வரி இருந்த இடம் பள்ளமாக, வெள்ளையாக இருந்தது. தூசியை வாயால் ஊதிவிட்டு எழுந்தான்.

இதனால் பொட்டல் திரும்பி வரப்போவதில்லை என்று அவனுக்குத் தெரியும். நாளைக்கு முதலாளி ஆள் அனுப்புவார், பொலிஸ் வரலாம். லயத்தில் அழகன்தான் ரதி. அதுவும் தெரியும்.

"இப்பப் படி" என்றான் தம்பையாவிடம். "இனித் தாண்டாமப் படிக்கலாம்."

தம்பையா தன் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றான். படிக்கவில்லை.